வேலூர் போய் வந்த கன்றுகள்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது மூத்திர நாற்றம். அதற்குப் பிறகுதான் கன்றுகள்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு மடத்து வாசல். சித்திரை மாதம். ஒன்பது மணிக்கே மலை அனல் வீச ஆரம்பித்துவிட்டது. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு லாரிகள். இரண்டின் முகப்பிலும் வாழைக்கன்று கட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாழைக்கன்றுக்குக் கிடைத்த தண்ணீர் உள்ளே இருந்த கன்றுகளுக்குக் கிடைக்கவில்லை.

இறக்குவதற்குப் பலகை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் முன்னங்காலையும் ஒருவர் வாலையும் பிடித்துத் தூக்கிக் கீழே விட்டார்கள். முதுகெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. முதல் கன்று தரையில் கால் ஊன்றியது. நான்கு காலும் நான்கு பக்கம் போக, அப்படியே முன்னால் மடிந்து முகம் மண்ணில் பட விழுந்தது.

“ஆஹா! மலையைப் பாத்ததும் நமஸ்காரம் பண்ணுது பாருங்க!” என்றார் மடத்துக் காரியஸ்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அது நமஸ்காரம் இல்லை என்று சொல்வதற்காகவே சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஒருவன் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன், வேர்வையில் ஒட்டிய சட்டையுடன், தனக்கும் ஒரு மாலை விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்தது. வாங்கிக்கொண்டான்.

அவன்தான் இதை எழுதுகிறவன்.

மாட்டு டாக்டர்

இந்தத் தொடரை வாராவாரம் படித்துவரும் ஓர் அன்பர், “நாலு கால் பிராணிகளைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு மனம் இளகுகிறது, இரண்டு கால் பிராணிகள் வந்தால் மட்டும் ஏன் இத்தனை எரிச்சல்?” என்று கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தார். அன்பரே, நான் முப்பது வருஷம் நாலு காலுக்கு வைத்தியம் பார்த்தேன். அதில் பாதி வியாதி இரண்டு கால்கள் கொடுத்தது.

நான் சென்னையில் படித்து முடித்து, இரண்டாவது போஸ்டிங்காகத் திருவண்ணாமலைக்கு வந்தவன். வயது இருபத்தாறு. ஊரில் எனக்குப் பெயர் கிடையாது, மாட்டு டாக்டர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்பது ஓடு போட்ட ஒரு கட்டடம், மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம், ஒரு பூவரச மரம், பிறகு கம்பவுண்டர் ரஹீம்.

ரஹீம் ஆற்காட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆனாலும் “சார்” என்றுதான் கூப்பிடுவார். மருந்தை அளக்கும்போது “ஜாஸ்தியா, கம்மியா?” என்று மட்டும் கேட்பார். வேறு பேச்சு அபூர்வம்.

அந்த ஊரில் பசுவை வணங்காத ஆளை நான் பார்த்ததில்லை. கடைத்தெருவில் ஒரு பசு குறுக்கே போனால் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் யாரும் நகர மாட்டார்கள். அதே பசு கடையில் ஒரு வாழைப்பழத்தில் வாய் வைத்தால் முதுகில் தடி விழும். இதில் எந்த முரண்பாடும் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் ஆறு மாதத்தில் பழகிப்போனது.

ஆனால் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் நான் வேறொன்றைப் பார்த்தேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களை ஊரில் யாரும் மதிப்பதில்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவர்கள் என்று பெயர். அந்தத் தரகர்களில் ஒருவன்கூடப் பால் மாட்டைக் கன்று இல்லாமல் சந்தைக்கு ஓட்டி வந்து நான் பார்த்ததில்லை. ஜீவகாருண்யம் ஒன்றும் இல்லை. கன்று பக்கத்தில் நின்று ஒரு வாய் குடித்தால்தான் நாட்டு மாடு பாலை இறக்கும். இல்லையென்றால் மடியை இறுக்கிக்கொண்டு நிற்கும், உதைக்கும். தரகனுக்கு அது தெரியும். பொய் சொல்கிறவனுக்குத் தெரிந்தது புண்ணியம் தேடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

அறுபது

வேலூரில் ஒரு மண்டி முதலாளி. பெயர் வேண்டாம். பேரன்கள் கௌரவமாக இருக்கிறார்கள். அவருக்கு அறுபது வயது நிறைந்தது. வயதுக்கு ஒன்றாக அறுபது பசுவும் கன்றும் அண்ணாமலையார் ஊரில் தானம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். நாள் நெருங்கியதும், பசுவும் கன்றுமாக அறுபது என்றால் கை நீளவில்லை. கன்று மட்டும் போதும் என்றதும் நீண்டது.

ஏஜெண்டு ஒருவன் கிளம்பினான். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்ந்துவிட்டது. அவன் வீடு வீடாகப் போய், பொம்பிளைகள் கழனிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஆம்பிளைகளிடம் பேசினான். பத்து நாள் கன்று, இருபது நாள் கன்று, ஒரு மாதக் கன்று. கயிற்றை அவிழ்த்து லாரியில் ஏற்றிவிட்டான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை, மாட்டு வண்டியில் அரைப் பகல் வழி. அந்தக் கன்றுகள் எப்படி வந்தன தெரியுமா? வேலூர் போய் வந்தன.

முதலாளி தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவருக்கு முழங்கால் வலி, லாரியில் வர முடியாது. அதனால் பிறந்து பத்து நாளான ஜீவன்கள் அவரைப் பார்க்கப் போயின. முப்பது முப்பதாக, வைக்கோல்கூடப் பரப்பாத இரும்புத் தளத்தில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, தங்கள் மூத்திரத்திலேயே வழுக்கிக்கொண்டு.

அன்று ராத்திரி மண்டி முற்றத்தில் கட்டியிருந்தார்கள். லாரி டிரைவர் என்னிடம் சொன்னார்: “மொதலாளி நல்லவரு சார். பட்டினி போடல. அறுபதுக்கும் அகத்திக்கீரை போட்டாரு.”

தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் வயிற்றில் வாங்கத் தெரியாத கன்றுகளுக்கு அகத்திக்கீரை. சாஸ்திரத்தில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் புண்ணியம் என்று இருக்கிறது. கன்றுக்கு அசைபோடத் தெரியுமா என்று சாஸ்திரம் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மஞ்சள் பூசி, மாலை போட்டு, மறுபடியும் அதே லாரி, மறுபடியும் அத்தனை தூரம்.

எல்லாம் தெரிந்த இரண்டு பேர்

மடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. கன்றுகளை வரிசையாக முளையில் கட்டினார்கள். அறுபதும் கத்தின. நாதஸ்வரத்துக்கு மேலே கேட்டது அந்தக் கத்தல். பக்கத்து ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். ஏன் இப்படிக் கத்துகின்றன என்று யாரையோ விட்டுக் கேட்டாள்.

“அம்மா அம்மான்னு அம்பாளைக் கூப்பிடுதுங்க” என்றார் காரியஸ்தர்.

அது மொழிபெயர்க்கப்பட்டது. அந்த அம்மாள் கண்ணீர் விட்டாள்.

காரியஸ்தர் சிதம்பரம் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கக் கொஞ்சம் யோசனை வேண்டும். அவருக்கு எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பக்தி விளக்கம் உடனே நாக்கில் வந்துவிடும். வந்தபிறகு அவர் அந்தப் பொருளைப் பார்ப்பதில்லை.

பூஜைக்குக் கோயிலிலிருந்து ஒரு குருக்கள் வந்திருந்தார். மெலிந்த மனிதர், நாற்பது வயது இருக்கும். வரிசையை ஒரு முறை பார்த்தார். என் பக்கம் நகர்ந்து வந்தார்.

“டாக்டர், கோபூஜைன்னா தாயும் கன்னுமா நிறுத்தித்தான் பண்ணணும். கன்னை மட்டும் வச்சுப் பண்றதா நான் எங்கயும் படிக்கலை.”

“சொல்லுங்களேன் அவர்கிட்ட.”

“நீங்க சொல்லுங்கோ. சர்க்கார் உத்தியோகஸ்தர் சொன்னா கேப்பா.”

நான் மேலே பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். பிறகு அவர் போய் மந்திரம் சொன்னார், நான் போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.

ஒரு கறுப்புக் காளைக்கன்றின் மார்பில் கை வைத்தால், துடிப்பை எண்ண முடியவில்லை. அவ்வளவு வேகம். காது இரண்டும் தொங்கிக் குளிர்ந்திருந்தன, உடம்போ காய்ச்சலாகக் கொதித்தது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய இடம் அப்படியே கூடாரம் மாதிரி நின்றது, உடம்பில் நீர் இல்லை. வாலைச் சுற்றி வெள்ளைக் கழிச்சல் காய்ந்திருந்தது. பக்கத்துக் கன்று இதன் காதைச் சப்பியது, இது இன்னொன்றின் தொப்புளைச் சப்பியது. நான் குனிந்தபோது ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர்க் குழாயைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையால் முட்டி முட்டிச் சப்ப ஆரம்பித்தது.

என் காதுக்குள் அதன் நாக்கு கேட்டது.

“சார்” என்றார் ரஹீம், தாழ்ந்த குரலில். “இன்னைக்குக் கையெழுத்து வேணாம். நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டுப் போயிடலாம். இதுங்களுக்கு இப்ப வேண்டியது பூஜை இல்ல, தாய். எல்லாம் பக்கத்து ஊருதானாமே.”

அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் தாள் தயாராக இருந்தது. டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார் காரியஸ்தர். “அறுபது கன்றுகளும் பூரண ஆரோக்கியத்துடனும் மகிழ்ச்சியுடனும் உள்ளன என்று சான்றளிக்கிறேன்.” மகிழ்ச்சியாம். நான் படித்த காலேஜில் அதை அளக்கக் கருவி எதுவும் இல்லை.

வேலூரில் இருந்த என் மேலதிகாரி அந்த முதலாளிக்கு வேண்டியவர். முந்தின நாளே போன் வந்திருந்தது: “பெரிய மனுஷர் காரியம், ஒத்தாசையா இருங்க.” அது ஞாபகம் வந்தது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அது ஞாபகம் வந்தது. ரஹீம் சொன்னது காதில் இருந்தது. பேனாவைத் திறந்து போட்டேன் கையெழுத்து.

கத்திக்கொண்டிருந்த கன்றைக் கையில் பிடித்துக்கொண்டே மகிழ்ச்சிக்குச் சான்று கொடுத்தவன் நான். குருக்களையும் காரியஸ்தரையும் முதலாளியையும் இந்த வாரம் நான் என்ன திட்டினாலும், இந்த வரியை எழுதிவிட்டுத்தான் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழகிவிட்டதாம்

அன்று சாயங்காலம் பெரிய அண்டாவில் பால் வைத்தார்கள். அபிஷேகத்துக்குப் போனது போக மிச்சம், அதில் பாதி தண்ணீர். கன்றுகள் அண்டாவைச் சுற்றி நின்று பார்த்தன. தலையை மேலே தூக்கி மடியைத் தேடுகிற ஜீவனுக்குத் தலையைக் கீழே போட்டு உறிஞ்சத் தெரியாது.

“கொழுப்பைப் பாருங்க, குடிக்க மாட்டேங்குதுங்க” என்றார் காரியஸ்தர்.

ரஹீம் தரையில் உட்கார்ந்தார். விரலைப் பாலில் நனைத்து ஒரு கன்றின் வாயில் வைத்து, சப்ப ஆரம்பித்ததும் கையை மெல்ல அண்டாவுக்குள் இறக்கினார். அது குடித்தது. ஒன்றுக்குக் கால் மணி நேரம். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேர், அறுபது கன்றுகள். மடத்துப் பசுக்கள் மூன்று இருந்தன, அவை வேற்றுக் கன்றை உதைத்துத் தள்ளின. பசுவைக் குற்றம் சொல்ல முடியாது. அது யாரிடமும் தானம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை போனபோது மைதானம் அமைதியாக இருந்தது. காரியஸ்தர் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா டாக்டர் சார்? நேத்து என்ன கத்து கத்துச்சு! இப்ப ஒரு சத்தம் உண்டா? ஊரு பழகிடுச்சு.”

பழகவில்லை. கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் கன்று கத்துவதை நிறுத்திவிடும். பிறகு கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து விலாவில் வைத்துக்கொண்டு படுத்துவிடும். கண் திறந்திருக்கும், ஈ உட்கார்ந்தால் இமைக்காது. அதற்குப் பெயர் சாந்தம் என்று மடத்தில் எண்ணினார்கள்.

அன்று இரண்டு போயின. மூன்றாம் நாள் விடிவதற்குள் ஒன்பது. கழிச்சலுக்கு என்னிடமிருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். மருந்து வேலை செய்ய வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

செத்த கன்றுகளைக் கோசாலைக்குப் பின்னால் குழிதோண்டி, விபூதி போட்டு, பால் தெளித்துப் புதைத்தார்கள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பால் ஊற்றவில்லை. “கோலோகம் சேர்ந்துட்டுது, குடுத்து வச்சதுங்க” என்றார் காரியஸ்தர்.

கனகம்மா

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மடத்து வாசலில் ஒரு செவலைப் பசுவின் கத்தல் கேட்டது. வெளியே வந்து பார்த்தோம்.

முப்பது வயதுக்காரி. கால் முழுக்கப் புழுதி. கையில் பசுவின் கயிறு. கீழ்பென்னாத்தூருக்கு அப்பாலிருந்து கோழி கூவும்போது கிளம்பி நடந்து வந்திருக்கிறாள். பசுவின் மடி கல்லாக வீங்கி, காம்புகள் நாலு பக்கமும் விறைத்து நின்றன.

“எங்கன்னு உள்ள இருக்குது. குடுங்க, நான் போறேன்” என்றாள்.

காரியஸ்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. “இன்னாம்மா இது? சாமிக்குத் தானமா வந்ததைத் திருப்பிக் கேக்கறியே, பாவம் இல்ல?”

“நான் எங்க குடுத்தேன்? எம்புருசன் வித்தான். மாடு அவுங்க ஊட்டுது இல்ல, எங்கப்பன் சீரா குடுத்தது. மாடு எனுதுன்னா கன்னும் எனுதுதான். நான் மல்லாட்டை வயல்ல இருந்து வந்து பாக்குறேன், கட்டுத்தறி காலியா கெடக்குது. மூணு நாளா இது தண்ணி குடிக்கல, புல்லு கடிக்கல. மடியத் தொட்டா உதைக்குது. காது கொடுத்துக் கேளு, தொண்டை கட்டிப்போச்சு.”

“அறுபது கன்னுல உன் கன்னு எதுன்னு யாருக்குத் தெரியும்?”

“நமக்கு எதுக்குத் தெரியணும்? கயித்த உடறேன். அது சொல்லும்.”

பசு மறுபடியும் கத்தியது. முந்தின நாள் காலையிலிருந்து சத்தமே இல்லாத மைதானத்திலிருந்து கரகரத்த குரல் ஒன்று பதில் சொன்னது. பிறகு இன்னொன்று. பிறகு பல. நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். எழுந்திருக்கத் தெம்பு இருந்த கன்றுகள் எல்லாம் எழுந்து, கயிறு இழுபட்ட தூரம்வரை வாசலைப் பார்த்து நின்றன. எழ முடியாதவை படுத்தபடியே கழுத்தை நீட்டின. வந்தது ஏதோ ஒன்றின் தாய். ஆனால் ஒவ்வொன்றும் தன்னுடையது என்றே நினைத்தது.

வாசலில் அந்தப் பசுவின் காம்புகளிலிருந்து பால் தானாக ஒழுகி, செங்கம் ரோட்டுப் புழுதியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் முடியாது. கமிட்டியக் கேக்கணும்” என்றார் காரியஸ்தர். “எழுத்து மூலமா வரணும்.”

எழுத்து மூலமாக வர வேண்டும் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. தைரியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நல்லது செய்வதற்கும் எனக்கு ஒரு பொய்தான் தேவைப்பட்டது.

“கமிட்டி வரைக்கும் போக வேண்டாம். நானே எழுத்து மூலமா தரேன்” என்றேன். பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்தேன். கன்றுகளுக்குக் கடுமையான தொற்றுநோய் இருக்கலாமெனச் சந்தேகம், உடனடியாக அவற்றை இங்கிருந்து அகற்றி, அவரவர் ஊரில் தாய்ப்பசுவிடம் விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கால்நடை வைத்தியத்தில் முதல் பாடம் படித்தவன்கூட அதைப் பார்த்தால் சிரிப்பான். தொற்றுநோய் என்றால் இருக்கும் இடத்திலேயே அடைத்து வைக்க வேண்டும், ஊர் ஊராக அனுப்பக் கூடாது. ரஹீம் எழுத்தைப் பார்த்தார், தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரியஸ்தர் தாளை இரண்டு தரம் படித்தார்.

“மடத்துப் பசுவுக்குப் பரவுமா?”

“பரவும்.”

“மனுஷாளுக்கு?”

“சொல்ல முடியாது.”

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனார். “எல்லாத்தையும் ஓட்டிட்டுப் போச் சொல்லுங்க! இன்னைக்கே! மொதல்ல இந்தம்மாளோடதை அவுத்து விடுங்க!”

கோமாதாவின் குழந்தைகள் ஒரே நிமிஷத்தில் கழிசடைகளாகிவிட்டன.

தண்ணீர் ஊற்றியதும்

கயிற்றை விட்டதும் செவலைப் பசு நேராகப் பந்தலுக்குள் நுழைந்து, மூன்றாவது வரிசையில் ஒரு கிடேரிக்கன்றின் எதிரே போய் நின்றது. கன்று தள்ளாடி எழுந்து மடிக்கு வந்தது.

பசு முகர்ந்து பார்த்தது. சீறியது. தலையால் முட்டிக் கன்றைத் தள்ளிவிட்டது.

“பாத்தியா! அது அதோட கன்னே இல்ல!” என்றார் காரியஸ்தர் தூரத்திலிருந்து.

கனகம்மா கன்றின் முதுகில் மூக்கை வைத்து மோந்தாள். “இன்னா கருமத்தப் பூசித் தொலைச்சீங்க இது மேல?”

மஞ்சள், சந்தனம், ஜவ்வாது. போதாததற்கு முந்தின நாள் யாரோ பினாயில் தெளித்திருந்தார்கள். கத்தல் தாயினுடையதுதான் என்று கன்றுக்குத் தெரிந்தது. வாசனை கன்றினுடையது இல்லை என்று தாய்க்குத் தெரிந்தது. இடையில் மூன்று நாள் பக்தி நின்றது.

ரஹீம் தண்ணீர் கொண்டுவந்தார். கனகம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, வைக்கோலைச் சுருட்டிக் கன்றைத் தேய்த்துக் கழுவினாள். நாலு குடம் ஆயிற்று. மஞ்சள் தண்ணீர் ஓடிப் பந்தல் தரையை நனைத்தது. பிறகு பசுவின் காம்பைப் பிடித்து, உதையை வாங்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கைப் பால் பீய்ச்சி, கன்றின் தலையிலும் முதுகிலும் தடவினாள்.

பசு மறுபடி முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. நாக்கு வெளியே வந்தது. நெற்றியில் மிச்சமிருந்த குங்குமத்தை முதலில் நக்கியது.

கன்றுக்கு நிற்கத் தெம்பு இல்லை. ரஹீம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தோம். காம்பு வாயில் போனதும் அது இரண்டு முறை சப்பி மூச்சு வாங்கியது. பிறகு முட்டி முட்டிக் குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கட்டியிருந்த மற்றவை மறுபடியும் கத்த ஆரம்பித்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் கையை விட முடியாது, கன்று விழுந்துவிடும். நின்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு, பசு நக்கிக்கொண்டே வர, கன்றை ஒரு வண்டியில் வைக்கோல் மேல் படுக்க வைத்து அழைத்துப் போனாள் கனகம்மா. ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பதினொரு வண்டிகள் வந்தன. பெரும்பாலும் பெண்கள். சிலர் பசுவையும் ஓட்டி வந்தார்கள். யாரும் காரியஸ்தரிடம் பேசவில்லை. வந்தார்கள், தேடினார்கள், கண்டெடுத்தவர்கள் கழுவினார்கள். கண்டெடுக்க முடியாதவர்கள் கோசாலைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அறுபதில் பதினேழு போய்விட்டன, வீடு போய்ச் சேர்ந்தபிறகு செத்தவையும் சேர்த்து.

விசாரணை

வேலூருக்குச் செய்தி போனது. முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “சாகறதுக்கு முன்னாடி பூஜை முடிஞ்சுதா?” முடிந்தது என்றார்கள். “அப்ப சரி” என்றாராம்.

எனக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் ஒரே கன்றுகளுக்கு இரண்டு விதமாகச் சான்று எப்படிக் கொடுத்தீர் என்று மேலதிகாரி கேட்டிருந்தார். முதலாவது பொய், இரண்டாவதும் பொய், இரண்டாவதால் நாற்பத்துமூன்று பிழைத்தன என்று எழுதியிருக்கலாம். நான் எழுதியது: “நோய்க்குறிகள் பிறகு தோன்றின.” மூன்றாவது பொய். மேலதிகாரிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பைலை மூடிவிட்டார்.

பலநாள் அந்த விஷயத்தில் நான் என்னை ஒரு நல்லவனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புத்தி வந்து கன்றுகளைக் காப்பாற்றியவன் என்று. ஆடி மாதம் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட, கனகம்மாவின் ஊருக்குப் போகும்வரை.

கிடேரி நன்றாகத் தேறியிருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் ஏதோ நன்றியை எதிர்பார்த்து நின்றேன் என்று நினைக்கிறேன். கனகம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துக்கொண்டே பக்கத்துக் கொட்டிலைப் பார்த்தேன். அங்கே ஒரு கறுப்புப் பசு. அதன் எதிரே ஒரு கோணிப்பையில் வைக்கோலை அடைத்து, கன்று உயரத்துக்கு முளையில் கட்டியிருந்தார்கள்.

“கன்னு செத்தா தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சு வைப்போம், அதைப் பாத்தாவது பால் உடும்” என்றாள் கனகம்மா. “இவுங்க கன்னு உங்க மடத்துல செத்துது. தோலு கேட்டாங்க. கோலோகம் போனதுக்குத் தோலு ஏதுன்னுட்டாரு அந்தாளு. அதான் கோணி.”

“பால் விடுதா?”

“எங்க உடுது?”

ஓடிவந்த கிடேரியைப் பிடித்துக் கட்டினாள். பிறகு கேட்டாள்.

“மூணாம் நாளு நீங்க எழுதிக் குடுத்தீங்க, உட்டுட்டாங்க. மொத நாளும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே, எல்லாம் நல்லா இருக்குதுன்னு?”

“ஆமா.”

“அன்னைக்கே இதை எழுதியிருந்தா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பக்கத்துக் கொட்டிலில் கறுப்புப் பசு கோணிப்பையை ஒரு முறை முகர்ந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ரஹீம் ஊசிப் பெட்டியைத் திறந்துகொண்டு, “அந்தப் பசுவுல இருந்து ஆரம்பிக்கலாமா சார்?” என்றார்.

எழுந்து போனேன்.